ஆள் இல்லாத இருக்கை

1986 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. விடியலில் தொடங்கிய தூறல் பத்து மணிவரை விடாமல் பெய்து ஓய்ந்தது. அதன்பின் அடித்த வெயிலில் புக்கிட் கூனிங் தோட்டத்தின் செம்மண் சாலைகளிலிருந்து ஆவி கிளம்பியது. எண்ணெய் தரும் செம்பனை மரங்களின் மட்டை நுனியில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேற்கே, கடல் இருக்கும் திசையில், அடுத்த மழை திரண்டு நின்றது.

தோட்ட மேலாளரான துரையின் பங்களாப் பின்கட்டில் அம்சவள்ளி கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோலாலம்பூரிலிருந்து கம்பெனியின் பெரிய அதிகாரிகள் நால்வர் மாலை ஐந்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. பங்களாவின் முன்புறப் புல்வெளியில் நாற்காலி போட்டுத் தேநீர் கொடுக்கவேண்டும். அதற்குள் புல்லை வெட்டி முடித்தாகவேண்டும். வெட்டுகிறவன் அவள் கணவன் இராமையா. ஆகையால் அவள் கை குவளையில் இருந்ததே தவிர, காது முழுவதும் வெளியே இருந்தது.

அந்த இயந்திரம் தோட்டத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சிவப்புச் சாயம் பூசிய, ஆள் ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி அது. வயிற்றுக்கு அடியில் முழ நீளப் பிளேடுகள் இரண்டு சுழலும். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள் அதற்குக் குட்டி டிராக்டர் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பு அந்தப் புல்லை அம்சவள்ளி, வேலம்மா உட்பட ஆறு பெண்கள் குந்தியிருந்து அரிவாளால் அறுத்தார்கள். இயந்திரம் வந்ததும் நால்வர் செம்பனைக் காட்டுக்குக் களையெடுக்கப் போனார்கள். அம்சவள்ளிக்குப் பங்களாவில் வேலை கிடைத்தது. வேலம்மா புல்வெளியில் கல் பொறுக்க நிறுத்தப்பட்டாள். இராமையாவுக்கு இருக்கை கிடைத்தது.

இருக்கை கிடைத்தது என்பது சாதாரணச் செய்தி அன்று. பதினொரு ஆண்டு செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரை ஓட்டியவன் அவன். சென்ற ஆண்டின் கடைசியில் குடல் காய்ச்சல் கண்டு ஒரு மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பினான். அப்போது அவனுடைய டிராக்டரில் வேறொருவன் அமர்ந்திருந்தான். "ஒடம்பு தேறட்டும்பா, பாக்கலாம்" என்று மேற்பார்வையாளரான மண்டோர் அவனைக் களையெடுப்புக்கு அனுப்பினார். உடம்பும் தேறவில்லை, மண்டோரும் பார்க்கவில்லை. எட்டு மாதம் பெண்களோடு குனிந்து நிமிர்ந்தான். வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். குட்டி டிராக்டர் வந்து இறங்கிய அன்று, இதை ஓட்ட யாரால் முடியும் என்று துரை கேட்டபோது முதலில் உயர்ந்த கை அவனுடையதுதான்.

இயந்திரத்தோடு ஓர் ஆங்கிலப் புத்தகமும் வந்தது. அதில் செய்யக்கூடாது என்று சொல்லியிருப்பவற்றைத் தமிழில் எழுதி ஒட்டும்படி, ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி நடராஜாவிடம் துரை பணித்தார். நடராஜா அழகிய கையெழுத்துக்காரர். நீல மையில் ஒன்பது விதிகளை எழுதி ஸ்டோர் கதவில் ஒட்டினார். சோப்புத் தூளுக்காக நாள்தோறும் அங்கே போகும் அம்சவள்ளிக்கு ஒன்பதும் மனப்பாடம். காலணி அணியாமல் ஏறாதே என்பது முதல் விதி. ஈரச் சரிவில் ஓட்டாதே என்பது மூன்றாவது. பிளேடு சுழலும்போது பக்கத்தில் ஆளை நிற்கவிடாதே என்பது ஆறாவது. பிளேடு நிற்காமல், சாவியை அணைக்காமல் இறங்காதே என்பது ஒன்பதாவது. இந்த ஒன்பதாவதை மறக்கிறவர்களுக்காகவே இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். அமர்ந்திருப்பவன் எழுந்தால் எஞ்சின் தானாகவே செத்துவிடும்.

முதல் வாரம் அது ஒரு நாளைக்குப் பதினைந்து முறை செத்தது. ஒவ்வொரு முறையும் வேலம்மா, "இராமையா, ஒன் குட்டிக்கு மூச்சு நின்னு போச்சு, தண்ணி தெளி!" என்று கூவிச் சிரிப்பாள். இந்த வாரமோ அது ஒரு முறைகூடச் சாகவில்லை. கை பழகிவிட்டது என்று அம்சவள்ளி எண்ணி நிம்மதி அடைந்திருந்தாள்.

பதினொன்றரை மணிக்கு, துடைத்த குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது சன்னல் வழியே அவள் கண்டது அந்த நிம்மதியைக் குலைத்துவிட்டது. புல்வெளியின் நடுவில் குட்டி டிராக்டர் தடதடத்துக்கொண்டு நின்றது. அதன் இருக்கையில் ஆள் இல்லை. இராமையா பத்தடி தள்ளி, காற்றில் விழுந்த தென்னை மட்டையை இழுத்துக்கொண்டிருந்தான்.

பகல் சாப்பாட்டு வேளையில் ஸ்டோருக்குப் பக்கத்துக் கொட்டகையில் வண்டி நின்றது. சோறும் நெத்திலிச் சம்பலும் கங்கோங் கீரையும் கொண்டுபோன அம்சவள்ளி, முதலில் வண்டியின் அருகே குனிந்து இருக்கையின் அடியைப் பார்த்தாள். பிறகுதான் தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"ஏங்க, சீட்டுக்கு அடியில என்னா கட்டி வச்சிருக்கீங்க?"

இராமையா சோற்றைப் பிசைந்தான். "என்னா கட்டி வச்சிருக்கேன்?"

"பாத்துட்டுதான் கேக்கறேன். சைக்கிள் டியூபு. நாலு சுத்து, சுவிட்ச அமுக்கிப் புடிச்சி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேலம்மா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு சற்று நகர்ந்தாள். "ஆத்தாடி, என்னை இதுல இழுக்காதீங்க. நான் கல்லு பொறுக்கற ஆளு. கல்லைப் பத்திக் கேளு, சொல்றேன்."

"ஒனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்னா தெரியும், தெரியாதுன்னா தெரியாது. சம்பல்ல உப்பு தூக்கலா இருக்குடி."

இராமையா சிரித்தான். அம்சவள்ளி சிரிக்கவில்லை என்றதும் அவனும் நிறுத்திக்கொண்டான்.

"இங்க பாரு புள்ள. ராத்திரி காத்துல மட்டையா கொட்டிக் கெடக்கு. ஒவ்வொன்னுக்கும் எறங்கணும். எறங்கறப்பல்லாம் அது செத்துப்போனா, மறுபடி ஏறி, சாவியப் போட்டு, கியரப் போட்டு... அஞ்சு மணிக்குள்ள ஆவுமா? டிராக்டர்ல நான் எப்படி வேல பாத்தேன்? மொதக் கியர்ல விட்டுட்டுக் குதிச்சி எறங்கிடுவேன். வண்டி பாட்டுக்கு ஊர்ந்து போவும். நான் கூடவே நடந்து கொலையத் தூக்கிப் போடுவேன். வரிசை முடியறப்ப ஓடிப்போயி ஏறிக்குவேன். பதினோரு வருசம்லா. ஒரு கொசு செத்திருக்குமா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஏற்றிய குலையின் எடைக்குத்தான் அந்தத் தோட்டத்தில் கூலி. எனவே ஓட்டுநரும் இறங்கிக் கைகொடுப்பான். இரண்டு செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஆள் இல்லாத டிராக்டர் தானே ஊர்ந்து செல்வதை யாரும் தவறு என்று நினைத்ததில்லை. ஓடும் வண்டியில் தாவி ஏறத் தெரியாதவனைத்தான் கையாலாகாதவன் என்றார்கள்.

"டிராக்டர் வயித்துல பிளேடு இல்லைங்க" என்றாள் அம்சவள்ளி.

"இதோ ஆரம்பிச்சிட்டா. கிராணி ஒட்டின காயிதத்த வூட்டுலயும் ஒட்டிடு."

"கட்ட அவுத்துடுங்க."

"முடியாது."

"அப்ப நான் கிராணி ஐயாகிட்ட சொல்லுவேன்."

"சொல்லு. திங்கக்கெழம காலையில என்னைக் களையெடுக்க அனுப்புவாங்க. பொம்பளைங்களுக்குப் பின்னால நான் கடைசி ஆளா, காதுல தொங்கட்டான் போட்டுக்கிட்டு நடந்து போறதப் பாத்து நீ சந்தோசப்படு."

வேலம்மா கை கழுவுவதாகச் சொல்லிக் குழாயடிக்கு எழுந்து போனாள்.  இராமையா தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"எறங்கறப்ப மட்டும் செத்தா நான் கட்டியிருக்க மாட்டேன் புள்ள. உக்காந்திருக்கறப்பவே சாவுது. ஒரு குழியில ஏறி எறங்கினா போதும், நின்னுடுது. சீட்டுல ஆளு இல்லன்னு நெனச்சிக்குது. வெள்ளைக்காரன் ஒடம்புக்கு செஞ்ச சீட்டு. நான் அதுக்குப் பத்தல."

அம்சவள்ளி அவனைப் பார்த்தாள். இடுப்பு வாரில் அவன் புதிதாகக் குத்திய இரண்டு ஓட்டைகள் கண்ணில் பட்டன. நாள்தோறும் துவைத்து உலர்த்துகிற கால்சட்டையின் வார்தான் அது. இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. தட்டில் ஒதுக்கிய சோற்றையும் பார்த்தாள். இன்று மட்டும் ஒதுக்கிய சோறு அல்ல அது.

"எத்தன கிலோ இருக்கீங்க?"

"யாரு பாத்தா?"

"ஸ்டோர்ல தராசு இருக்குல்ல?"

"உர மூட்ட நிறுக்கற தராசுல என்னை ஏறி நிக்கச் சொல்றியா? நல்லாருக்கும். தோட்டமே டிக்கெட் வாங்கிட்டு வந்து பாக்கும்." அவன் எழுந்தான். "யார்கிட்டயும் சொல்லாத. இன்னிக்கு முடியட்டும்."

அவள் மிஞ்சிய சோற்றைத் தூக்குச்சட்டியில் கொட்டி மூடினாள். 

இரண்டு மணிக்கு எஞ்சின் மீண்டும் முழங்கியது. அம்சவள்ளி தட்டுகளைத் துடைத்தாள். துடைத்தவற்றையே மறுபடி துடைத்தாள். ஓசை தூரப் போனால் சன்னலுக்கு ஓடினாள். ஓசை கிட்டே வந்தாலும் ஓடினாள். முன்பெல்லாம் அவன் இறங்கினானா இல்லையா என்பதை உள்ளே இருந்தே காது சொல்லிவிடும். இப்போது எஞ்சின் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்ததால் காது எதையும் சொல்லவில்லை. அவன் மேலே இருக்கிறானா, கீழே இருக்கிறானா, வண்டியின் முன்னால் குனிந்துகொண்டிருக்கிறானா என்று நிமிடத்துக்கு ஒரு முறை கண்ணால் பார்த்தாக வேண்டியிருந்தது. மூன்று மணிக்கு ஒரு சாசர் கை நழுவி உடைந்தது. "ஒனக்கு என்னா ஆச்சு இன்னிக்கு?" என்று சமையற்காரர் அதட்டினார். சோப்புத் தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அவள் வெளியேறினாள்.

ஆபீஸ் மேசையில் நடராஜா ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒன்னு கேக்கணும்."

"சோப்புத் தூளு காலையிலதானே கொண்டு போன? தின்றியா என்ன?"

"அதில்லைங்க. அந்தப் புல்லு வண்டிப் புத்தகத்துல, ஓட்டற ஆளு எத்தன கிலோ இருக்கணும்னு போட்டிருக்கா?"

கிராணி கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "யாருக்குக் கேக்கற?"

"பொதுவா."

"பொதுவா கேக்கற மூஞ்சியா இது?" என்று சொல்லியபடியே இழுப்பறையைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். "செய்யக்கூடாதுன்னு இருந்ததெல்லாம் நான் எழுதிட்டேனே. ஒன்னு விடல..." அவர் விரல் ஒரு படத்தின் மேல் நின்றது. உதடு அசையாமல் படித்தார். பிறகு மறுபடி படித்தார்.

"என்னாங்க ஐயா?"

"சீட்டுக்கு அடியில ஒரு ஸ்பிரிங்கு இருக்காம். மூணு ஓட்டையாம். லேசான ஆளுக்கு ஒன்னு, நடுத்தரத்துக்கு ஒன்னு, கனத்த ஆளுக்கு ஒன்னு. பின்னு ஆணிய ஓட்டை மாத்திப் போட்டா சீட்டு ஆளுக்குத் தகுந்த மாதிரி ஆயிடுமாம். கம்பெனியிலேருந்து வரப்ப கனத்துலதான் இருக்கும், ஓட்டறதுக்கு முன்னாடி மாத்திக்கணும்னு போட்டிருக்கு."

"இத ஏன் ஐயா எழுதல?"

நடராஜாவின் முகம் சிவந்தது. "இது செய்யவேண்டியது இல்லியா? செய்யக்கூடாததத்தானே தொரை எழுதச் சொன்னாரு."

அம்சவள்ளி வாய் திறப்பதற்குள் பங்களா இருந்த குன்றின் பக்கமிருந்து வந்த ஓசை மாறியது. சமதரையில் சீராகக் கேட்ட முழக்கம் இறுகி, முக்கி, திணறியது. வண்டி சரிவில் இறங்குகிறது. காலை முழுவதும் மழை குடித்த சரிவு அது.

"சுவிட்ச கட்டி வச்சிருக்காரு ஐயா!" என்று சொல்லிக்கொண்டே அவள் ஓடினாள். கிராணி புத்தகத்தோடு பின்னால் ஓடினார்.

விருந்தாளிகளின் கார் ஏறிவரும் பாதையை ஒட்டியது அந்தச் சரிவு. அதன் அடியில் செம்பருத்தி வேலியும், வேலிக்கு அப்பால் ஆளளவு ஆழத்தில் கான் எனப்படும் வடிகாலும் இருந்தன. தட்டைப் பகுதியில் ஒரு கீற்றை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, கண்ணில் முதலில் படும் இடமாயிற்றே என்று இராமையா சரிவுக்கு வந்திருந்தான். பாதிச் சரிவில் ஒரு மட்டை குறுக்கே கிடந்தது. பதினொரு ஆண்டுப் பழக்கம் அவனைக் கேட்டுக்கொண்டு வேலை செய்யவில்லை. முதல் கியரில் வண்டியை விட்டுவிட்டுக் குதித்தான், முன்னால் ஓடி மட்டையை இழுத்து எறிந்தான், திரும்பினான்.

வண்டி ஊர்ந்து வரவில்லை. ஈரப் புல்லில் சக்கரங்கள் வழுக்கிப் பக்கவாட்டில் சரிந்துகொண்டு வேகமாக வந்தது. அவன் வண்டிக்குக் கீழ்ப்பக்கமாக ஓடினான், ஓடும் டிராக்டரில் தாவி ஏறுகிறவனைப்போல.

வேலியின் உட்பக்கமாக ஓடிவந்த அம்சவள்ளி அதைக் கண்டாள். கத்தவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பாய்ந்து மேலேறி, பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். இருவரும் புல்லில் விழுந்து உருண்டார்கள்.

"விடுடி! வண்டி போவுது!"

"போவட்டும்!"

அவன் திமிறினான். அவள் விடவில்லை. அவனை அடக்குவது இவ்வளவு எளிதாக இருந்தது அவளைப் பயமுறுத்தியது. அவன் பாதங்கள் கிடந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஈரப் புல்லும் பொடிக்கல்லும் அவர்கள் மேல் தெறித்தன. செம்பருத்தி வேலியில் மூக்கை நுழைத்து, கிளைகளைச் சடசடவென்று மென்று, மேலும் மெல்ல முடியாமல் எஞ்சின் அடங்கியது.

மேலே வேலம்மா ஓலமிட்டாள். துரை பாதி கட்டிய கழுத்துப் பட்டையோடு வெளியே வந்தார். பழைய காலத்துத் துரைமாரைப்போல் தோட்டத்துத் தமிழை நன்றாகப் பேசப் பழகியவர் அவர்.

"யாருக்கு அடி? என்னா ஆச்சு?"

இராமையா எழுந்து நின்றான். "அடி இல்ல தொரை. பிரேக்கு புடிக்கல. ஈரம்."

"ஆமாங்க தொரை, ஒரே ஈரம்" என்று வேலம்மா உடனே ஒத்து ஊதினாள்.

துரை தலையாட்டினார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு அதோடு முடிந்திருக்கும். பிரேக்கைப் பார்க்கச் சொல்வார். நாளைக்கே இராமையா மறுபடி அதே இருக்கையில், அதே கட்டோடு அமர்ந்திருப்பான். தலைமயிரில் ஒட்டிய புல்லை அம்சவள்ளி ஒரு கையால் தள்ளினாள்.

"பிரேக்கு நல்லாத்தான் இருக்குங்க தொரை. சீட்டு சுவிட்ச கட்டி வச்சிருந்தாரு. காய்ச்சலுக்கு அப்புறம் ஆளு ரொம்ப எளச்சிட்டாரு, சீட்டு அமுங்க மாட்டேங்குது. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுக் கட்டிட்டாரு."

இராமையா அவளைத் திரும்பிப் பார்த்தான். இருபது பேர் முன்னிலையில் சட்டையைக் கழற்றிவிட்டதுபோல் அவன் கைகள் தாமாக மார்பின்மேல் ஏறின.

அந்த நேரத்தில் நடராஜா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு எந்தக் குறையும் வந்திராது. எனினும் புத்தகத்தைத் திறந்து நீட்டினார். "ஒரு பக்கம் நான் எழுதாம விட்டுட்டேன் தொரை. இதுதான்."

துரை படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கு ஆகப் பத்து நிமிடம்.

"இராமையா, நாளைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர்கிட்ட போ. அவர் ஒன்னை நிறுத்துப் பாத்து, என்ன நோவுன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் நீ இதுல ஏறக்கூடாது. வேலை போவாது, பயப்படாத. ஆனா ஏறக்கூடாது." பிறகு மிச்சக் கீற்றை நோக்கினார். "இத யாரு முடிக்கிறது?"

அவர் பார்வை தன்மேல் விழுந்ததும் வேலம்மா பின்வாங்கினாள். "என்னைப் பாக்காதீங்க தொரை. நான் ஏறினா சீட்டு ஒரேயடியா உள்ள போயிடும்."

யாரும் சிரிக்கவில்லை. இராமையா, மனைவியின் பக்கம் திரும்பாமலே, தரையைப் பார்த்துச் சொன்னான்:

"இவ முடிப்பா தொரை."

"யாரு?"

"இவதான். ஒம்போதும் தலைகீழாத் தெரியும். வூட்டுல தேவாரம் ஓதற மாதிரி ஓதறா."

அதில் கசப்பு எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று அம்சவள்ளியால் பிரித்தறிய முடியவில்லை.

வண்டியை நால்வர் சேர்ந்து மேலே தள்ளி வந்தார்கள். சாவியை எடுத்தபின், கிராணி படிக்கப் படிக்க, பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டுப் பிளேடில் சிக்கிய கிளைகளைக் குச்சியால் நீக்கினார்கள். டியூபை இராமையாவே அவிழ்த்தான்.

"இப்ப அந்தப் பின்னு ஆணிய எந்த ஓட்டையில போடறது?" என்றார் நடராஜா. "அம்சவள்ளி, நீ எத்தன கிலோ?"

"பொம்பளகிட்ட கேக்கற கேள்வியா ஐயா இது?" என்றாள் வேலம்மா. "நடு ஓட்டையில போடுங்க. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

இம்முறை துரையே சிரித்துவிட்டார்.

இராமையா தன் பூட்ஸைக் கழற்றி அவள் முன் வைத்தான். அவள் போட்டுக்கொண்டு ஏறி அமர்ந்தாள். சாவியைத் திருப்பியதும் உடம்பு முழுவதும் அதிர்ந்தது.  அவன் பக்கத்தில் நின்றபடி, "எடது காலு கிளச்சு. மொதக் கியரு போதும். திரும்பறப்ப அவசரப்படாத, அது ஒன்னும் ஓடிப்போவாது" என்றான்.

"தள்ளி நில்லுங்க."

"எவ்வளோ தள்ளி?"

"அந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்தாண்ட."

அவன் வெறுங்காலோடு மரத்துக்கு அப்பால் போய் நின்றான். சரிவை அவள் தொடவில்லை. அது காயட்டும் என்று துரையிடம் முன்பே சொல்லியிருந்தாள். தட்டைக் கீற்றில் போய் வந்து, போய் வந்து, கோணல்மாணலாக வெட்டினாள். ஒரு முறை பூந்தொட்டியை இடிக்கப் பார்த்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் தலையைத் தூக்கி, அவன் மரத்துக்கு அந்தாண்டயே நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டாள்.

கடைசி வரிசை முடிந்தது. பிளேடின் நெம்புகோலைத் தூக்கினாள். சாவியை அணைத்தாள். அடியில் பிளேடு சுழன்று சுழன்று மெல்ல ஓய்வதைக் காது கொடுத்துக் கேட்டாள்.

"நின்னுடுச்சி புள்ள, எறங்கு" என்று அவன் மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தான்.

"தெரியும்" என்றாள். இறங்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு டிரஸர்கிட்ட நானும் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"எத்தன கிலோன்னு எனக்குத் தெரியணும்."

 கீழே தோட்டத்து வாயிலில் கார் ஒன்று ஹாரன் அடித்தது.

"ஏழு மணிக்கே போவணும். அப்புறம் கூட்டமாயிடும்" என்றான்.

அவள் இறங்கினாள். அப்போது மணி நான்கு ஐம்பத்திரண்டு.